சர்வேயர் ஐயா கேட்ட கோணம்

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையான கதைகள் வேறு என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதி பொய். இது முழுக்க நடந்தது என்பதால்தான் சொல்லும்போது வாய் உலர்கிறது. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் சாய்ந்து உட்காருங்கள், கண்ணுகளா.

என் பெயர் ரேணுகாம்பாள். வயது எழுபத்தொன்று. எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், மளிகை கட்டி வந்த காகிதம் உட்பட. வேங்கிக்காலில் எங்கள் நகர் நலச்சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் சாயங்காலம் நான்கு மணிக்குக் கதை சொல்கிறேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. கூடத்துச் சாவி என் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். நாற்பது நாற்காலிக்குப் பதினான்கு பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களையும் எனக்குப் பிடிக்கும். நடுவில் தூங்கிவிட்டால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன்.

மீதிப் பதினொரு பேரில் எனக்கு ஒரே ஒரு எதிரி. கோதண்டராமன், ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்தவர். இப்போது அளக்க என் கதைதான் கிடைத்தது. ராஜகுமாரி அரண்மனையிலிருந்து ஆற்றங்கரைக்கு ஓடினாள் என்றால், "எவ்ளோ தூரம்ங்க?" என்பார். அவள் ஓடி முடிப்பதற்குள் அவர் பதில் கேட்டுவிடுவார்.

அவர் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ஜோதியம்மாள். உண்மையில் நான் கதை சொன்னதே அவள் ஒருத்திக்காகத்தான். வாய் லேசாகத் திறந்திருக்கும். புலி பாயப்போகிற இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்தித் தண்ணீர் குடித்தால், நான் சொம்பைக் கீழே வைக்கும் வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். கதை சொல்கிறவளின் தலையில் கனம் ஏற அப்படி ஒருத்தி போதும்.

மார்ச் மாதம் ஜோதிக்கு இடப்பக்க மார்பில் ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோய் திரும்ப வராமலிருக்க வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றார்கள். புண் ஆறியதும் ஸ்கேன் எடுத்து, சிகிச்சைக்குத் தேதியும் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு எட்டு நாள் முன்னால்தான் நான் என் திறமையைக் காட்டினேன்.

அதற்குக் காரணம் என் தங்கை மகள் அறிவுமதி. இல்லை, அவள் மேல் பழி போடக் கூடாது. அவள் சரியாகத்தான் சொன்னாள்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் வளர்ந்தவள், இப்போது வெளிநாட்டில் ஒரு துகள் முடுக்கியில் வேலை பார்க்கிறாள். பூமிக்கடியில் பெரிய வளையம். அதற்குள் புரோட்டான் என்கிற பொடித் துகள்களைக் கற்றையாக, வெளிச்சத்துக்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் சுற்றி ஓட விடுகிறார்கள். கற்றையின் ஓரத்தில் சில துகள்கள் கூட்டத்தை விட்டு விலகித் திரியுமாம். அவற்றை ஒதுக்குப்புறமாகத் திருப்பிப் பிடித்துப் போட, நகத்தளவு சிலிக்கான் படிகம் ஒன்றை வழியில் நிறுத்துகிறார்கள். அந்தப் படிகத்தைச் சரியான கோணத்தில் திருப்பி நிறுத்துவது அவள் வேலை. லீவில் வந்திருந்தபோது, "எப்படிடி ஒரு கல்லு துகளைத் திருப்பும்?" என்று கேட்டேன். அவள் என்னை வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பெரியம்மா, இங்க நின்னு பாருங்க. உள்ள வழி தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. ஒரே மரமா இருக்குது."

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. இன்னும் ஒரு அடி. நில்லுங்க. இப்போ?"

கதவு திறந்த மாதிரி இருந்தது. கடைசி மரம் வரைக்கும் நேரான ஒரு சந்து, அதன் முடிவில் துண்டு வானம். தலையை அரை அடி நகர்த்தினேன். சந்து மூடிக்கொண்டது. மறுபடியும் ஒரே மரம்.

"படிகம்னா இதான். அணுவெல்லாம் நட்டு வெச்ச மாதிரி வரிசையா நிக்கும். புரோட்டானுக்கு ப்ளஸ் மின்சாரம். அணுவோட கருவுக்கும் ப்ளஸ். கிட்டப் போனா ஒண்ணை ஒண்ணு தள்ளும். ரெண்டு பக்கத்து வரிசையும் தள்ளித் தள்ளி, துகள் நடுச்சந்துலயே போவும். இப்ப படிகத்தை லேசா வளைச்சுட்டா?"

"சந்தும் வளையும்."

"துகளும் கூடவே வளைஞ்சு போவும். மீட்டர் கணக்குல காந்தம் வெச்சு செய்யற வேலைய நாலு மில்லிமீட்டர் படிகம் செஞ்சுடும்."

"எல்லாத் துகளையுமா?"

"சந்துக்கு நேரா வர்றதை மட்டும். கோணலா வந்தா மரத்துல முட்டி மோதிக்கிட்டு கன்னாபின்னான்னு போவும். இன்னொரு கூத்து இருக்குது. வளைஞ்ச சந்துல கொஞ்சம் தப்பா நுழையப் பாக்கறது, ஓரத்துல உரசி எதிர்ப்பக்கமாத் தெறிச்சுடும். நாம அனுப்ப நெனைச்சது ஒரு பக்கம், அது போறது இன்னொரு பக்கம்."

எனக்குப் புல்லரித்தது. அவள் என் முகத்தைப் பார்த்ததும் உஷாராகிவிட்டாள்.

"இதைக் கதையா சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. ஆனா தோப்போட நிறுத்திக்குங்க பெரியம்மா. மேல எதுவும் போடாதீங்க."

தலையாட்டினேன். நான் தலையாட்டுவதில் கெட்டிக்காரி. ஆனால் நீங்களே சொல்லுங்கள், சவுக்கு மரத்தை வைத்து யாராவது கதை சொல்வார்களா? பந்தக்காலுக்கும் அடுப்புக்கும் ஆகிற மரம். அதைப் பார்த்து யார் மூச்சைப் பிடிப்பார்கள்?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ராஜா என்று ஒருவன் கல் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வியாதியைச் சொல்லி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பான். அவனிடம் போய் ஒரு ஸ்படிக மாலை கேட்டேன்.

"எந்த வியாதிக்குங்கம்மா?"

"ஞாயித்துக்கிழமைக்கு," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன கதையை இங்கே முழுதாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கொடுங்கோல் ராஜா. அவனிடம் ஒரு நெருப்புக் கதிர். அதை ஒரு ஏழைப் பெண்ணின் நெஞ்சைப் பார்த்து ஏவுகிறான். அவள் கழுத்தில் ஒரே ஒரு படிக மணி. கதிர் மணிக்குள் நுழைகிறது, வளைகிறது, அவள் நெஞ்சைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் ராஜாவின் கிரீடத்தைப் பொசுக்குகிறது. 'நெஞ்சு' என்கிற இடத்தில் மாலையை உயரத் தூக்கிப் பிடித்தேன். ஜன்னல் வெயில் பட்டு மணி மின்னியது. அதோடாவது விட்டேனா?

"இது நான் கட்டின கதை இல்லீங்க. விஞ்ஞானம்! எங்க தங்கச்சி பொண்ணு இதே வேலைதான் பாக்கறா!" என்றேன்.

கைதட்டினார்கள். கோதண்டராமன் மட்டும் கையைத் தூக்கினார். "வளையணும்னா எவ்ளோ கோணத்துக்குள்ள வரணும்ங்க?"

அன்று அந்தக் கூடத்தில் பேசப்பட்டதிலேயே அறிவான வார்த்தை அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கதைக்கு ஏதுங்க கோணம்? அளக்கணும்னா பின்னாடி காலி மனை இருக்குது, போய் அளங்க சர்வேயர் ஐயா." மின்விசிறிக்கு வந்த மூன்று பேரும் விழித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு ஜோதி வந்தாள். "அக்கா, அதை ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. என் கதைக்கு அழுகிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? மாலையை அவள் கழுத்திலேயே போட்டுவிட்டேன். வள்ளல்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை கோதண்டராமன் என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். நேர்கோட்டைத் தவிர வேறெதையும் மதிக்காத மனிதர் அவர்.

"ரேணுகாம்மா, ஜோதி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்றா."

"ஏன், இன்னா ஆச்சு?"

"திங்கக்கெழம மொத நாளு. கழுத்துல இருக்கறதக் கழட்டச் சொன்னாங்க. தாலியக் கூடக் கழட்டிட்டா. மாலைய மாட்டேன்னுட்டா. இடப்பக்கம் பாருங்க, நேரா அடியில இதயம். கல்லு இருந்தா கதிரு இதயத்த விட்டு வளைஞ்சு போவுமாம், இல்லாட்டி பொசுங்கிடுமாம். எழுந்து வந்துட்டா. நேத்தும் போவல. டாக்டரு சொல்றாரு, தள்ளிப்போடப் போட நோவு திரும்பி வர்ற வாய்ப்பு ஜாஸ்தின்னு. நான் எது சொன்னாலும் ஒரே பதிலு: 'உங்களுக்குக் கதையே புரியாது.'"

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை அடி, எத்தனை கல் என்று ஏதாவது கேட்டிருந்தாலும் போதும்.

அறிவுமதிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"பெரியம்மா, இன்னா செஞ்சு வெச்சிருக்கீங்க நீங்க?"

"கேக்காதடி. எப்படி சரி பண்றதுன்னு சொல்லு."

"மொதல்ல, அங்க வர்றது புரோட்டான் இல்ல. எக்ஸ்ரே ஜாதி, ஆனா ரொம்ப வலுவானது. அதுக்கு ப்ளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல. எந்த வரிசையும் அதத் தள்ளாது. சரி, புரோட்டானாவே இருந்தாலும், எங்க படிகத்துக்குள்ள புகுந்து வளையணும்னா எவ்ளோ நேரா இருக்கணும் தெரியுமா? ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கறவன் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தா போச்சு. கழுத்துல தொங்கற மணி ஒண்ணுத்துக்கும் ஆவாது. எழுதிக்கிட்டீங்களா?"

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு ஜோதி வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாலை கழுத்தில் கிடந்தது.

"ஜோதி, நான் சொன்னது பொய்."

"போங்க அக்கா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

ஐம்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதை இப்படி ஒரு நேரத்திலா வாங்க வேண்டும்? தாளைப் பார்த்து ப்ளஸ், மைனஸ் எல்லாம் படித்தேன். அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். உடனே எனக்கு ஒரு யோசனை. எனக்கு யோசனை வந்தாலே ஆபத்துதான். கதையால் வந்ததைக் கதையாலேயே எடுத்துவிடலாம் என்று, படிக மணியை நம்பி மோசம்போன ஒரு ராணியின் கதையை அங்கேயே கட்டிச் சொன்னேன். நன்றாகவே வந்தது. ராணி செத்த இடத்தில் ஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள். "ரெண்டு சரமா போட்டிருந்தா தப்பிச்சிருப்பா, இல்ல?"

அறிவுமதி சொன்ன கூத்து அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஒரு பக்கம் அனுப்ப நினைத்தது எதிர்ப்பக்கம் தெறித்துப் போகிறது. நான் வாயைத் திறக்கத் திறக்க அது இன்னும் தூரமாகப் போகும்.

வாசலில் நின்றிருந்த கோதண்டராமன் உள்ளே வந்தார். "அந்தப் பொண்ணு கோணம் எவ்ளோன்னு சொன்னாங்களா?"

இந்த முறை தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். பேனாவை எடுத்து அதிலேயே கணக்குப் போட்டார். போட்டு முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு செகண்டு," என்றார். "நேரம் இல்லீங்க, கோணம். ஒரு டிகிரிய மூவாயிரத்து அறுநூறாப் பங்கு போட்டா, அதுல ரெண்டு பங்கு. கோணம் அளக்க நான் வெச்சிருந்த தியோடலைட்டு இருபது செகண்டு வரைக்கும்தான் காட்டும். அதுக்கே மூணு காலு ஸ்டாண்டு போட்டு, ரசமட்டம் பாத்து, மூச்சு விடாம நிக்கணும். ஜோதி, இது உன் கழுத்துல ஊஞ்சலாடுதேம்மா."

ஜோதி மாலையைக் குனிந்து பார்த்தாள். கழற்றவில்லை. "நாளைக்கு வர்றேன்," என்றாள். "டாக்டருகிட்ட நானே கேக்கறேன், இதோட படுக்க விடுவாங்களான்னு. அக்காவும் வரட்டும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ். கோதண்டராமன் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். நான் பின் சீட்டில். போளூர் தாண்டி, ரோட்டை ஒட்டியே ஒரு சவுக்குத் தோப்பு வரும். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. கோதண்டராமன் திரும்பி, உதட்டின் மேல் விரலை வைத்தார். என்னை அப்படி அடக்கிய முதல் ஆள் அவர்தான். வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

"ஜோதி, வெளிய பாரு," என்றார் அவர்.

பஸ் ஓட ஓட, மரக்கூட்டத்துக்குள் சட்டென்று ஒரு சந்து திறந்தது. மறுநொடி மூடிக்கொண்டது. கொஞ்ச தூரம் வெறும் மரம். மறுபடி ஒரு சந்து, மறுபடி மூடல். தோப்பு முடிகிற வரை அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"நேரா இருந்தாத்தான் வழி," என்றாள்.

"ம்."

"கண்ணு சிமிட்டற நேரம்தான் தெரியுது."

"ம்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாலை துள்ளி அவள் தாவாயில் பட்டு விழுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டாள். கண்ணமங்கலம் வந்த பிறகு, யாரைப் பார்த்து என்று இல்லாமல் கேட்டாள்: "அப்போ என் இதயத்த யாரு பாத்துக்குவாங்க?"

கண்ணுகளா, ஒரு ராஜா, ஒரு புலி, ஒன்றுமே தோன்றவில்லை. நான் அவ்வளவு அலங்காரம் பண்ணிச் சொன்ன கதையில், அவள் காதில் விழுந்தது நெஞ்சுக்குக் காவல் உண்டு என்கிற இந்த ஒன்று மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த மிஷினை இயக்குகிற பெண்ணின் பெயர் சினேகா. ஜோதி அவளிடம் பஸ்ஸில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். சினேகா மாலையைப் பற்றி ஒன்றும் பேசாமல் எங்களை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சுவர்களிலிருந்து மூன்று பச்சை வெளிச்சக் கோடுகள் வந்து நடுவில் காலியாக இருந்த படுக்கை மேல் விழுந்தன.

"ஸ்கேன் அன்னிக்கு உங்க மேல புள்ளி வெச்சோம் இல்லீங்களாம்மா? இந்தக் கோடு அந்தப் புள்ளி மேல உக்காரற வரைக்கும் பெட்ட மில்லிமீட்டர் மில்லிமீட்டரா நகத்துவோம். அப்புறம் மூச்ச நல்லா இழுத்துப் பிடிக்கச் சொல்வோம். நெஞ்சு காத்தால நெறைஞ்சா, இதயம் உள்ள தள்ளிப் போயிடும். அந்த நேரத்துல மட்டும்தான் கதிர் வரும். நீங்க மூச்ச விட்டா மிஷினும் நின்னுடும்."

"ஸ்கேன் அன்னிக்கு மூச்சுப் பிடிக்கச் சொன்னது அதுக்குத்தானா?" என்றாள் ஜோதி. "நான் எதுக்குன்னு கேக்கவே இல்ல."

கோதண்டராமன் பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "ஜோதி, எல்லைக்கல்லு நடறதுக்கு முன்ன நாங்க இப்படித்தான் கோடு பிடிப்போம்," என்றார்.

"அப்போ நேரா வைக்க வேண்டியது கல்ல இல்ல," என்றாள் அவள். "என்னத்தான்."

மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

நானும் கோதண்டராமனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கை சும்மா இல்லாமல் நான் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "உள்ள குமிழி இருக்குது பாருங்க," என்றார். "ஸ்படிகம் இல்ல. வெறும் கண்ணாடி." அறிவுமதிக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பிக் கேட்டேன். கண்ணாடிக்குள் அணுக்கள் வரிசையாகவே நிற்காதாம், சந்தும் கிடையாதாம், ஒன்றும் கிடையாதாம். கூடவே ஒரு சிரிக்கும் முகமும் அனுப்பியிருந்தாள். நான் ஊரைக் கூட்டி விஞ்ஞானம் என்று தூக்கிக் காட்டியது சோடா பாட்டிலின் தம்பியை.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஜோதி தலையைக் கோதிக்கொண்டே வந்தாள். பின்னால் சினேகா.

"இவங்க மூச்சுப் பிடிக்க எங்க பழகினாங்கம்மா? பாதிப் பேரு இருபது செகண்டு பிடிக்கவே திணறுவாங்க. இவங்க இருபத்தெட்டு!"

"எங்க அக்கா கதையில," என்றாள் ஜோதி. "புலிய நிறுத்தி வெச்சுட்டு தண்ணி குடிப்பாங்க."

நான் மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். இன்னும் பதினான்கு நாள் இதே பஸ், இதே ரோடு. "அக்கா, அந்தக் கதைய ஒழுங்கா சொல்லுங்க," என்றாள் ஜோதி. "ஒரு ஊர்ல ஒரு ராஜா..." என்று ஆரம்பித்தேன். கோதண்டராமன் இருமினார். ராஜாவை விட்டுவிட்டுச் சவுக்குத் தோப்பிலிருந்து தொடங்கினேன். ஜோதி பயிற்சிக்காக மூச்சை இழுத்துப் பிடித்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு செகண்டுக்குள் நான் ஒரு இடத்தில் நிறுத்தியாக வேண்டும், அவள் மூச்சு விட வேண்டும், பிறகு அடுத்தது. இவ்வளவு சுருக்கமாக நான் ஆயுளில் கதை சொன்னதில்லை. இருந்தும் இரண்டு இடத்தில் இழுத்துவிட்டேன்.

"முப்பத்தொண்ணு," என்றார் சர்வேயர் ஐயா. "முடிங்க, சீக்கிரம்."

முடித்தேன்.